ரிங் மாஸ்டர் ஆயில் மாற்றிய கதை

போல்ட்டின் தலையில் ஒரு துளை போட்டால் என்ன?

இந்த எண்ணம் வந்தபோது நான் என் காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையைப் பின்னால் மடக்கிவிடக்கூடிய, சிவப்பு நிறப் பழைய ஜப்பான் வண்டி அது. முகப்பு விளக்குகள் வேண்டும்போது மட்டும் மூடியைத் தூக்கிக்கொண்டு எழும். அதனால் எங்கள் தெருவில் அதற்குத் தவளை என்று பெயர். தவளையின் வயிற்றில், ஆயில் தொட்டிக்கு அடியில், ஒற்றை போல்ட் இருக்கிறது. அதைக் கழற்றினால் எஞ்சினில் இருக்கும் ஆயில் முழுவதும் கீழே இறங்கிவிடும். விமான எஞ்சினில் இப்படி ஒரு போல்ட் இருந்தால் அதன் தலையில் துளையிட்டு, மெல்லிய எஃகுக் கம்பியைக் கோத்து முறுக்கி, பக்கத்தில் அசையாத ஓர் இடத்தோடு சேர்த்துக் கட்டிவிடுவோம். எவ்வளவு அதிர்ந்தாலும் போல்ட் தானாகக் கழலாது. அந்த வேலையைப் பல வருடங்கள் செய்தவன் நான். காருக்கும் கட்டிவிட்டால் என்ன?

காருக்கு அது தேவையே இல்லை. அப்போதும் எனக்கு அது தெரியும்.

இதை எழுதச் சொன்னவர்கள் என் ஜூனியர்கள். கம்பி கட்டிய போல்ட்டைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். “சார், இதையே ஒரு கட்டுரையா எழுதிக் குடுங்க, நம்ம யூனிட் ஆண்டு மலர்ல போடலாம். வெளிய வந்த பிறகும் கை மறக்காதுன்னு பசங்களுக்குத் தெரியட்டும்” என்று ஒரு தம்பி கேட்டான். அன்றைக்கே சரி என்று சொல்லிவிட்டேன். எதற்கும் உடனே சரி சொல்லிவிடுகிற ஆள் நான். இப்போது எழுத உட்கார்ந்தால், அவன் கேட்ட கட்டுரையை எழுதக் கூசுகிறது. படம் எடுத்த பிறகு நடந்ததைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

நான் ஓய்வு பெற்றவன் என்றால் யாரும் நம்புவதில்லை. பென்ஷன் விஷயமாக வங்கிக்குப் போனால், கவுன்டரில் இருக்கும் பெண் “அப்பா வரலையா சார்?” என்று கேட்கிறாள். பதினெட்டு வயதில் விமானப்படையில் சேர்ந்து முப்பத்தெட்டில் வெளியே வந்தேன். பயிற்சி இங்கேயே தாம்பரத்தில். கழற்று, துடை, மாட்டு, மறுபடி கழற்று என்பதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஊர் ஊராக விமானத் தளங்கள், எஞ்சின் பிரிவு. நடுவே அஞ்சல் வழியில் ஒரு பட்டம் வாங்கினேன், அது போதாதென்று இன்னொன்றும். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது.

முதல் விமானத் தளத்தில் எனக்கு மேலதிகாரி தாமஸ் சார். சார்ஜன்ட். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். கத்த மாட்டார், முறைக்க மாட்டார். வேலையை முடித்து “செக் பண்ணுங்க சார்” என்று போய் நின்றால், எஞ்சின் பக்கமே திரும்ப மாட்டார். வலது கையை நீட்டுவார், உள்ளங்கை மேலே பார்க்க.

“பழசு காட்டு.”

கழற்றிய பில்டர், கழற்றிய வாஷர், கழற்றிய ரப்பர் வளையம், அறுத்தெடுத்த கம்பித் துண்டு வரை ஒவ்வொன்றாக அந்தக் கையில் வைக்க வேண்டும். புரட்டிப் பார்ப்பார், விரலால் தடவுவார், சமயத்தில் முகர்ந்தும் பார்ப்பார். பிறகு தட்டில் வைத்துவிட்டு மறுபடி கையை நீட்டுவார். வர வேண்டியதெல்லாம் வந்த பிறகுதான் டார்ச்சை எடுத்துக்கொண்டு எஞ்சினைப் பார்க்கப் போவார். “புதுசு எல்லாரும் நோக்கும். பழசு ஆரு நோக்கும்?” என்பார் அவருடைய மலையாளத் தமிழில். வேலை செய்தவனின் கண் கணக்கில் சேராது, அந்த வேலையில் கை வைக்காத இன்னொருவர் பார்த்தால்தான் வேலை முடிந்ததாக அர்த்தம் என்பது எங்கள் எல்லோருக்கும் பொதுவான விதி. பழையதை முதலில் கேட்பது மட்டும் தாமஸ் சாரின் தனிப் பழக்கம்.

ஒரு மத்தியானம், விமானம் நிறுத்துகிற ஹேங்கரில், அந்தக் கை நீண்டபடியே நின்றது. ஓர் எஞ்சினுக்கு ஆயில் பில்டர் மாற்றியிருந்தார்கள். பழைய பில்டர் வந்தது, அதன் ரப்பர் வளையம் வரவில்லை. “பிஞ்சு போயிருக்கும் சார், துணியோட போயிருக்கும்” என்றார் வேலை செய்தவர். விமானம் கிளம்ப வேண்டிய நேரம். வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். தாமஸ் சார் கையை மடக்கவில்லை. அழுக்குத் துணிகளை உதறினோம், தரையைத் தடவினோம். கூட்டத்தில் மெல்லிய விரல் என்னுடையது. புது பில்டரை மறுபடி கழற்றியதும் உள்ளே விரலை விட்டுத் துழாவினேன். பில்டர் வந்து பொருந்துகிற எஞ்சின் முகத்தில், அதே கறுப்பில், பழைய வளையம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல்தான் புது வளையத்தை உட்கார வைத்திருந்தார்கள்.

வளையத்தின் மேல் வளையம் நிற்காது. தரையில் மெதுவாக ஓட விட்டால் பிடித்துக்கொண்டிருக்கும். வேகம் கூடி ஆயிலின் அழுத்தம் ஏறும்போது வழுக்கிப் பிதுங்கிவிடும். அது ஆகாயத்தில் நடந்திருக்க வேண்டியது. நகத்தால் உரித்தெடுத்துத் தாமஸ் சாரின் உள்ளங்கையில் வைத்தேன். “ஆங்” என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால் அன்று சாயங்காலத்திலிருந்து என் பெயர் ரிங் மாஸ்டர். பின்னால் வந்த ஜூனியர்களும் என்னை ரிங் மாஸ்டர் சார் என்றுதான் கூப்பிட்டார்கள்.

இந்தக் கதையை எத்தனை கல்யாணப் பந்தியில், எத்தனை ரயில் பயணத்தில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. எந்த இடத்தில் நிறுத்தி எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்ப்பேன் என்பது வரை என் மனைவி உமாவுக்கு மனப்பாடம். நான் அந்த இடத்துக்கு வரும்போது அவள் எழுந்து காபி போடப் போய்விடுவாள்.

வெளியே வந்ததும் இரும்புலியூரில் வீடு பார்த்தோம். உமாவுக்குச் சிட்லபாக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலை. ஹவுஸ் ஓனர் முருகேசன் அண்ணா, இந்தப் பக்கத்துப் பூர்வீகக் குடும்பம். நிலமாக இருந்ததெல்லாம் இப்போது கடைகளாகவும் வாடகை வீடுகளாகவும் ஆகிவிட்டது. கூடவே ஷாமியானா, நாற்காலி வாடகைக்கு விடுகிறார். தவளை அவருடையதுதான். மனை விற்ற சந்தோஷத்தில் எப்போதோ வாங்கியவர், தொப்பை வந்த பிறகு ஸ்டியரிங்குக்குப் பின்னால் நுழைய முடியாமல் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். குடி வந்த வாரமே நான் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

“இன்னா தம்பி, பால் காய்ச்சின வாசனயே இன்னும் போவல, அதுக்குள்ள என் தவளையக் கேக்கற?”

“சும்மா நின்னா துருப் பிடிச்சிடும்ணா.”

“நான்கூடத்தான் சும்மா நின்னுகினு கீறேன். என்னை எவனாச்சும் கேட்டானா?”

கடைசியில் கொடுத்துவிட்டார். நான் தினமும் அதன் அடியில் கிடப்பதைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். வீட்டை ஒட்டி நாற்காலிகள் அடுக்கி வைக்கிற ஷெட் ஒன்று இருக்கிறது. “அதுங்கள அப்பால நகத்திட்டு ஷெட்ட உனக்கே வுட்டுடறேன். பழைய வண்டிங்க மட்டும் பாக்கற மாதிரி ஒண்ணு போடு. ஆனா ஒண்ணு. தவளைக்கு உன் கையால ஆயில் மாத்தி, என்னைப் பக்கத்துல குந்த வெச்சி ஒரு ரவுண்டு இட்டுகினு போ. வண்டி நல்லா கீதுன்னு நான் பாத்துட்டேன்னா சாவி உன் கையில.”

முருகேசன் அண்ணாவுக்கு அது நாற்காலி ஷெட். எனக்கோ, ‘அப்பா வரலையா சார்’ என்று இனி யாரும் கேட்க முடியாத ஓர் இடம். கதவில் என்ன நிறம் அடிப்பது, எந்த ஆணியில் எந்த ஸ்பானர் தொங்குவது என்பது வரை மனதில் முடிவாகியிருந்தது.

இரண்டாவது கண்ணாக உமாவை நியமித்தேன்.

“எனக்கு ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருப்பணும்னே தெரியாதே?”

“அதான் வேணும். வேலையில கை வைக்காத ஆள். கழட்டினதெல்லாம் உன்கிட்ட வரும். நீ பாத்து ஓகே சொல்லணும்.”

“மார்க் போடலாமா?”

“போடு.”

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் சனிக்கிழமை காலை, பழைய சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு முக்காலியைக் கொண்டுவந்து, கழற்றியதை வைக்கிற தட்டுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

எஞ்சினைச் சற்று ஓட விட்டு, ஆயில் இளகியதும் நிறுத்தினேன். ஜாக்கால் முன்பக்கத்தைத் தூக்கி இரண்டு ஸ்டாண்டுகளின் மேல் உட்கார வைத்தேன். வெறும் ஜாக்கை நம்பி எவனும் அடியில் போகக் கூடாது. மேலே ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்துவைத்தேன். அப்போதுதான் கீழே குமுறாமல் இறங்கும். ஆயிலைப் பிடிக்க அடியில் ஓர் அகலச் சட்டியை வைத்து, போல்ட்டை உள்பக்கமாக அழுத்திக்கொண்டே கடைசி மரை வரை விரலால் திருகி, சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன். கறுத்த ஆயில் வளைந்து விழுந்து, மெலிந்து நூலாகி, சொட்டாக ஆகும் வரை காத்திருந்தேன். பழைய போல்ட்டையும் அதன் செம்பு வாஷரையும் உமாவிடம் கொடுத்தேன். அதுவரை எல்லாம் முறையாகத்தான் நடந்தது.

அடுத்தது பில்டர். இந்த வண்டியில் அது பெரிய பேஜார். எஞ்சினின் பக்கவாட்டில், குழாய்களுக்கும் ஒயர்களுக்கும் பின்னால் ஒளிந்திருக்கிறது. கை போகும், கண் போகாது. வருடக்கணக்கில் நின்ற வண்டி, பில்டர் இறுகிக் கிடந்தது. மணல் தாளைச் சுற்றிப் பிடித்து முறுக்கினேன். முனகிக்கொண்டு வந்தது. தட்டில் போட்டேன். எஞ்சின் முகத்தைத் துணியால் ஒரு சுற்றுத் துடைத்தேன். வழவழவென்றிருந்தது. ரப்பர் வளையமும் வழவழவென்றுதான் இருக்கும். துணியில்லாமல் வெறும் விரலால், நகத்தால் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அவசரம். துளை போட்ட புது போல்ட் சட்டைப் பையில் இருந்தது. முந்தைய நாள் முழுக்க அந்தத் துளைக்காகத்தான் செலவழித்திருந்தேன். புது பில்டரின் வளையத்தில் கொஞ்சம் ஆயிலைத் தடவி, திருகி, கையால் இறுக்கிவிட்டுக் கீழே போனேன்.

கம்பி கட்டியதைப் பற்றிச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. அவ்வளவு அழகாக வந்தது. போல்ட் இறுகுகிற திசையிலேயே இழுபடும்படி, முறுக்குகள் எல்லாம் ஒரே அளவாக, முனை மடிந்து உள்ளே போய், தாமஸ் சாரே குறை சொல்ல முடியாதபடி வந்தது. மல்லாந்தபடியே போனை எடுத்தேன்.

“என்னங்க, ஒரு நிமிஷம்.”

“சொல்லு.”

“இந்தப் பழைய பில்டரோட வாயச் சுத்தி ஒரு பள்ளம் இருக்கே. புதுசுல அந்த எடத்துல ரப்பர் இருந்துச்சு, நீங்க ஆயில் தடவினீங்க. இதுல ஏன் காணோம்?”

நான் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அது பழசும்மா. காஞ்சு பிஞ்சு போயிருக்கும். நீ கொஞ்சம் அந்தப் பக்கம் நகரு, நிழல் விழுது.”

அவள் நகர்ந்தாள்.

இதை எழுதும்போது காது சூடாகிறது. ‘பிஞ்சு போயிருக்கும் சார்’ என்று அன்றைக்கு ஹேங்கரில் சொன்னவரை நான் எத்தனை வருடமாக என் கதையில் சிரிப்புக்கு வைத்திருந்தேன்! அவராவது தாமஸ் சார் கை நீட்டியதும் தேட ஆரம்பித்தார். நான் கேட்டவளையே நகரச் சொன்னேன். நானே உட்கார வைத்த ஆள். கேட்க வேண்டிய ஒரே கேள்வியைக் கேட்ட ஆள்.

படத்தைக் குழுவில் போட்டேன். புது ஆயில் ஊற்றி டிப்ஸ்டிக்கில் அளவைப் பார்ப்பதற்குள் கட்டை விரல்களாக வந்து குவிந்தன. ‘ரிங் மாஸ்டர் ராக்ஸ்’ என்று ஒருவன் எழுதினான். தாமஸ் சார் இப்போது திருச்சூரில் இருக்கிறார், குழுவில் வாயே திறக்காதவர். அவரும் ‘வெரி குட்’ என்று போட்டார். எஞ்சினை ஓட விட்டு அடியில் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. தரையில் ஓட்டிப் பார்த்தால் பிடித்துக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நினைவுக்கு வரவில்லை.

முருகேசன் அண்ணா வெள்ளை வேட்டியில் வந்தார். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். அவரைப் பக்கத்து சீட்டில் இறக்குவதே ஒரு வேலையாக இருந்தது.

“அய்ய, ரோட்டுலயே குந்தின மாதிரி கீதே.”

“ஸ்போர்ட்ஸ் கார்ணா, அப்படித்தான் இருக்கும்.”

“திரும்ப எயந்துக்கறதுக்கு கிரேன் சொல்லி வெச்சிருக்கியா?”

ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் பெருங்களத்தூர் பக்கமாகத் திருப்பினேன். கூரையை மடக்கியிருந்தோம். பஸ்ஸில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முருகேசன் அண்ணா தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் கையைத் தூக்கினார். “இன்னா தம்பி மாட்டு வண்டியாட்டம் ஓட்டற? தவளைன்னா தாவ வாணாம்?” என்றார். முன்னால் ரோடு காலியாகத் தெரிந்தது. அழுத்தினேன். எஞ்சினின் குரல் மேலே ஏறியது. கோவளம் வரை கடற்கரைச் சாலையில் இப்படியே போக வேண்டும் என்று நினைத்தேன். அப்போது ஆயில் அழுத்தம் காட்டுகிற முள் ஒரு தரம் நடுங்கிச் சரிந்தது.

முள்ளைப் படிப்பது என் தொழில். அது கீழே போய்ச் சேருவதற்குள் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தி, உருள விட்டு ஓரம் கட்டினேன். எஞ்சின் தப்பித்தது என்று நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான்.

பின்னால் தகரம் தார் ரோட்டில் இழுபடுகிற சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். எங்களிடமிருந்து பின்னோக்கி ரோட்டின் நடுவே அகலமாக, பளபளவென்று ஆயில். அதன் மேல் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்து வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி பவுடர் டப்பாக்களும் பிரஷ்களும் சிதறிக் கிடந்தன. நான் ஓடினேன். ஓடிய நானும் வழுக்கி விழுந்து எழுந்தேன்.

“யோவ்! இன்னாய்யா எண்ணெய ஊத்திகினே போற? ரோட்டுல தோசை சுடப் போறியா?”

“மன்னிச்சிடுங்கம்மா, எழுந்திருங்க, பின்னாடி வண்டி வருது.”

“வர்றவனும் வுழுவான். நீ மண்ணப் போடுய்யா மொதல்ல!”

அவள் சொன்னதுதான் சரி. நான் அவளைத் தூக்குவதிலேயே குறியாக இருந்தேன். ஓரத்தில் யாரோ வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை, டீக்கடையில் இருந்தவர்களும் நானும் கையாலும் சட்டியாலும் அள்ளிப் போட்டோம். முருகேசன் அண்ணா எப்படியோ தானாக எழுந்து வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நடு ரோட்டில் நின்று வண்டிகளை நிறுத்தினார். மணலைப் போட்டு முடிக்கும் வரை ஒருத்தரையும் பார்க்க முடியவில்லை என்னால். கையில் ஆயிலும் மணலும் கலந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் பெயர் ஜோதி. கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப் போனோம். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு சுளுக்கியிருக்கிறது, கொஞ்ச நாள் அந்தக் கைக்கு வேலை கொடுக்கக் கூடாது என்றார் டாக்டர். ஜோதி வீக்கத்தைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

“காலைல முகூர்த்தம். கெழக்குத் தாம்பரம். அந்தப் பொண்ணு என்னை நம்பித்தான் வேற யாரையும் சொல்லல. இந்தக் கைய வெச்சிகினு நான் கண்ணுக்கு மை இட்டேன்னா, அது மாப்பிள்ளையப் பாக்காது, செவுத்தப் பாக்கும்.” சொல்லும்போதே அழுதுவிட்டாள். பிறகு, “ஆமா, இன்னாத்துக்கு அப்பிடி ஊத்துச்சு?” என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் முருகேசன் அண்ணா முந்திக்கொண்டார். “பில்டரு டூப்ளிகேட்டும்மா. எவனோ தலையில கட்டிட்டான். தம்பி மேல தப்பில்ல. ஏரோப்ளேனே ரிப்பேர் பண்ண ஆளு இது.”

நான் மறுக்கவில்லை. போன் செய்து வரவழைத்திருந்த உமா வாசலில் நின்றிருந்தாள். அவளுக்குக் கேட்டது. என்னை ஒரு தரம் பார்த்தாள். உள்ளே வந்து ஜோதியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“காலைல நான் வர்றேன். எனக்கு மேக்கப் தெரியாது. ஆனா போர்டுல நேர்கோடு போடுற கை. நீ சொல்லச் சொல்ல போடறேன்.”

“அக்கா, இது கோடு போடற வேல இல்லக்கா.”

“தெரியும். அதான் சொல்லச் சொல்லன்னு சொன்னேன்.”

அன்று சாயங்காலம் உமா என் முகத்திலும் ஜோதியின் தங்கை முகத்திலும் மாற்றி மாற்றிப் பழகினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்காருவது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மறுநாள் காலை உமா கல்யாணத்துக்குப் போன பிறகு, தள்ளிக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த தவளையின் அடியில் போனேன். ஏன் ஊற்றியது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் கையால் எடுத்துப் பார்க்காமல் முடியவில்லை. பில்டரைக் கழற்றியதும் இரண்டு வளையங்கள் வந்தன. புதியது ஒரு பக்கம் பிதுங்கி நாக்குப் போலத் தொங்கியது. பழையது எஞ்சினோடு ஒட்டிக்கொண்டு, நகத்தால் கீறியதும் பட்டென்று உரிந்தது. அன்று போலவே. போல்ட்டைப் பார்த்தேன். கம்பி ஒரு முறுக்குக்கூட நெகிழவில்லை.

உமா மத்தியானம் வந்தாள். விரல்களிலெல்லாம் ஜிகினா மின்னியது. சாப்பாட்டுப் பையைக் கீழே வைக்கக்கூட விடாமல், “கையக் காட்டு” என்றேன். பழைய வளையத்தை அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

புரட்டிப் பார்த்தாள். “எங்க இருந்துச்சு?”

“உள்ளயே.”

“பிஞ்சு போகலையா?”

“இல்ல.”

வளையத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். பிறகு சொன்னாள்: “அந்தக் கல்யாணப் பொண்ணு என்கிட்ட, நீங்க எத்தன வருஷமா இந்த ஃபீல்டுல இருக்கீங்கன்னு கேட்டா. நான் முழிச்சேன். ஜோதிதான், அக்கா இன்னிக்குத்தான் வந்தாங்க, ஆனா சொன்னாக் கேப்பாங்கன்னு சொல்லிச்சு.”

என்னைக் குத்துவதற்காகச் சொன்னாளா, நடந்ததைச் சொன்னாளா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. கேட்கிற தகுதி எனக்கு இல்லை. “மை நேரா வந்துச்சா?” என்று மட்டும் கேட்டேன். “ஒரு கண்ணு நேரா வந்துச்சு. இன்னொண்ண ரெண்டு தரம் அழிச்சோம்” என்றாள்.

முருகேசன் அண்ணாவிடம் போய்ச் சொன்னேன். பில்டர் நல்ல பில்டர்தான், தப்பு என் கையில், உமா கேட்டபோதே நான் பார்த்திருக்க வேண்டும் என்றேன். அவர் காதைக் குடைந்துகொண்டு கேட்டார்.

“வுடு தம்பி. டூப்ளிகேட்டுன்னு தெரு பூரா சொல்லி வெச்சிட்டேன். இப்பப் போயி மாத்திச் சொன்னா என் பேச்சு இன்னா ஆவறது?”

“நானே சொல்லிக்கறேண்ணா.”

“சொல்லிகினு போனா அப்பால எவன்டா உன்கிட்ட வண்டி வுடுவான்? எஞ்சின் போவல, அதான் கணக்கு. இந்தா சாவி. நல்ல நாள் பாத்து தவளைய மொதல்ல உள்ள நிறுத்து, மாலையப் போடு, நாலு பேரு வந்து பாக்கட்டும்.”

சாவி அவர் கையில் ஆடிக்கொண்டிருந்தது. எவ்வளவு ஆசைப்பட்ட சாவி! “மொதல்ல வேற ஒரு வண்டி வரணும்ணா. அது முடிஞ்சதும் வாங்கிக்கறேன்” என்றேன். அவருக்குக் கோபம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அதற்குள் தெருவில் நான் இஸ்திரிக்காரரிடமும் மளிகைக் கடையிலும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மளிகைக் கடைக்காரர், “பரவால்ல சார், எல்லாருக்கும் ஆவறதுதான்” என்றார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

இனி, குழுவில் இருக்கும் தம்பிகளுக்கு. அந்தப் படத்தை மறுபடி திறந்து பாருங்கள். நடுவில் இருக்கும் கம்பியை விடுங்கள். இடது மூலையில், தட்டின் விளிம்பில், பழைய பில்டர் சாய்ந்து கிடக்கிறது. அதன் வாயைச் சுற்றி வெறும் பள்ளம் தெரிகிறது. பெரிதாக்கக்கூட வேண்டாம், அப்படியே தெரிகிறது. பயிற்சி பெற்ற அத்தனை கண்களும் அதைத் தாண்டிப் போய்க் கம்பியைப் பாராட்டின. தாமஸ் சார் உட்பட. உங்களைக் குறை சொல்லவில்லை. நான் உங்களுக்குக் கம்பியைத்தானே காட்டினேன். என் மனைவிக்கு மட்டும் எதைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதனால் தட்டில் இருந்ததைப் பார்த்தாள். ரிங் மாஸ்டர் என்று இனி என்னைக் கூப்பிட வேண்டாம். கூப்பிடாமல் இருக்க மாட்டீர்கள், தெரியும்.

கம்பியை அறுத்தாயிற்று. தவளைக்கு வெறும் போல்ட்டைப் போட்டு, ஆயில் ஊற்றாமல் தார்ப்பாய்க்கு அடியில் நிறுத்தியிருக்கிறேன். அது காத்திருக்கட்டும்.

தவளையோடு சேர்த்து அன்றைக்குத் தள்ளிக்கொண்டு வந்த ஜோதியின் ஸ்கூட்டர் வெளியே நிற்கிறது. விழுந்ததில் பிரேக் லீவர் வளைந்திருக்கிறது, பக்கத்துத் தகரம் நசுங்கியிருக்கிறது, ஆயிலும் மாற்ற வேண்டும். நானே சரி செய்து தருகிறேன் என்று கேட்க, மூன்று முறை போனை எடுத்து வைத்துவிட்டேன். நாலாவது முறைதான் பேசினேன், தப்பு பில்டரில் இல்லை, என் கையில்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். ஜோதி ஒன்றுதான் கேட்டாள்.

“அக்கா வூட்டுல இருப்பாங்களா?”

“இருப்பா.”

“அப்ப செய்யி. அக்கா இல்லாத நேரத்துல என் வண்டியில ஒரு ஸ்க்ரூவக்கூட நீ தொடக் கூடாது.”

“தொட மாட்டேன்.”

“வாக்கு குடுத்துட்ட. நானும் வந்து குந்திகினு பாப்பேன்.”

இந்த ஞாயிற்றுக்கிழமை முருகேசன் அண்ணாவைத் திறந்துவிடச் சொல்லி, ஷெட்டில் நாற்காலிகளை ஓரம் தள்ளி, ஸ்கூட்டருக்கு இடம் செய்ய வேண்டும். இரண்டு முக்காலி போட வேண்டும். ஸ்கூட்டருக்கு ஒரே ஒரு போல்ட், ஒரு வாஷர், ஒரு சின்ன வலை பில்டர். கழற்றுவதை ஒவ்வொன்றாக உமாவின் கையில் வைப்பேன். அவள் கேட்கிற கேள்விக்கெல்லாம் எழுந்து வந்து பதில் சொல்வேன். அவள் போதும் என்று சொல்லும் வரை புது வாஷரின் உறையைப் பிரிக்கப் போவதில்லை.

போனை வீட்டுக்குள் வைத்துவிட்டுத்தான் வருவேன்.